மூன்றடி இடைவெளி

இந்தப் பெட்டி நடுவில் இருப்பதில் உங்களுக்குச் சிரமம் இல்லையே தம்பி? கண்டக்டர் மேலே வைக்கத்தான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் நடுவில் ஒரு பையோ குடையோ செய்தித்தாளோ இருந்தால்தான் எனக்குச் சரிப்படும். உங்கள் மேல் சந்தேகம் என்று நினைத்துவிடாதீர்கள். என் மனைவியோடு போனாலும் அப்படித்தான்.

உள்ளே போர்வைதான். சென்னிமலைப் போர்வை, இரண்டு பேர் போர்த்துகிற அளவு. கோவில்பட்டியில் என் நண்பனுடைய மகளுக்கு நாளைக் காலையில் கல்யாணம். இன்று சாயங்காலம் வரவேற்பு. நீங்கள் திருநெல்வேலி வரைக்குமா? அப்படியானால் எனக்கு முன்னால் இறங்க மாட்டீர்கள். நல்லது. காதில் மாட்டியிருந்ததை எடுத்துவிட்டீர்களே, அதற்கும் நன்றி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைக்கூடச் செய்வதில்லை.

நான் பேசுவது கொஞ்சம் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். முப்பது வருஷம் பாடம் நடத்திய வாய், வீட்டிலும் இப்படித்தான் பேசுகிறது. என் பெயர் குற்றாலிங்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். அங்கே வேதியியல் பேராசிரியர். அது சம்பளத்துக்கு. ஒழுங்குக் குழுத் தலைவர். அது என் மனசுக்கு. இருபத்திரண்டு வருஷமாக நான்தான் தலைவர். அடுத்த வருஷம் ஓய்வு. அதற்குள் எனக்கு இப்படி ஒரு அவமானம் வந்திருக்க வேண்டாம். நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் கல்லூரியில் ஆண்களுக்குக் கிழக்குப் படிக்கட்டு, பெண்களுக்கு மேற்குப் படிக்கட்டு. கல்லூரி பஸ்ஸில் முன்பாதி பெண்கள், பின்பாதி ஆண்கள், நடுவில் இரண்டு வரிசை ஆசிரியர்கள். நாங்கள்தான் வேலி. கேன்டீனில் தட்டி. நூலகத்தில் அலமாரி. ஒரு மாணவனும் மாணவியும் பேசியே தீர வேண்டும் என்றால் மூன்றடி இடைவெளி. உத்தேசமாக இல்லை. தச்சர்கள் வைத்திருப்பார்களே, இழுத்தால் வரும், விட்டால் உள்ளே ஓடிவிடும், அந்த டேப் என் பாக்கெட்டில் இருக்கும். அளந்துவிடுவேன். அதனால் பிள்ளைகள் எனக்கு டேப் என்று பெயர் வைத்திருந்தார்கள். "டேய், டேப்பு வர்றாருடா!" காதில் விழும். நான் கோபித்துக்கொண்டதில்லை. செய்கிற வேலையால் ஒருவனுக்குப் பெயர் வந்தால் பெருமைதானே?

ஓர் ஆணும் இன்னோர் ஆணும் பேசினால் எத்தனை அடி என்று நான் எழுதி வைக்கவில்லை. அது என் தப்பு என்று இப்போது சொல்கிறார்கள். உலகத்தில் எந்தக் கல்லூரியிலாவது எழுதி வைத்திருக்கிறார்களா?

ஆய்வகத்தில் ஒரு மேசைக்கு இரண்டு பேர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். முதல் வருஷம் முதல் நாள் நான் ஜோடி சேர்த்தால் மூன்று வருஷத்துக்கும் அதே ஜோடி. மாற்றவே மாட்டேன். மாற்ற ஆரம்பித்தால் ஒவ்வொருவனும் பெண்கள் மேசைக்குப் பக்கத்து மேசைதான் கேட்பான். எனக்குத் தெரியாதா? அப்படித்தான் ஏழாம் மேசையில் நிரஞ்சனையும் பாண்டீஸ்வரனையும் போட்டேன். நிரஞ்சன் டவுன் பையன், வாயாடி. பாண்டீஸ்வரன் வேடசந்தூருக்கு உள்ளே ஏதோ ஒரு கிராமம், கேட்டால்தான் பேசுவான், சில சமயம் கேட்டாலும் பேச மாட்டான். ஒன்று அமிலம், ஒன்று காரம். சேர்த்தால் சமப்பட்டுவிடும் என்று கணக்குப் போட்டேன். சமப்பட்டார்கள். அதில் நான் தவறவில்லை.

இரண்டாம் வருஷம் ஒழுங்கு வாரத் தொடக்க விழாவில் அந்த இரண்டு பேரையும் மேடைக்குக் கூப்பிட்டேன். மைக்கில் சொன்னேன். "இவர்களைப் பாருங்கள். இரண்டு வருஷத்தில் இவர்கள் எந்தப் பெண்ணிடமாவது வழிந்து நின்று பார்த்திருக்கிறீர்களா? எந்தப் பெண் பின்னாலாவது போய்ப் பார்த்திருக்கிறீர்களா? இவர்களைப் போல இருங்கள்!"

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது தம்பி. பெண்கள் பக்கத்திலிருந்து விசில் வந்தது. இருபது வருஷத்தில் நான் அப்படி ஒரு கைதட்டல் வாங்கியதில்லை. நிரஞ்சன் மைக்கை வாங்கி, "எல்லாம் சார் போட்ட ஜோடிதான்" என்றான். இன்னொரு முறை கைதட்டல். வீட்டுக்குப் போய் என் மனைவி கோமதியிடம் சொன்னேன், இந்தத் தலைமுறை திருந்திக்கொண்டு வருகிறது என்று. அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு காயை எடுத்தாள்.

இந்த வருஷம் ஜனவரியில்தான் ராஜாத்தி மேடம் வந்தார். தாவரவியல், எங்கள் குழுவில் இன்னோர் உறுப்பினர்.

"சார், உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. உங்க ஏழாம் மேசைப் பசங்க ரெண்டு பேரும் லவ் பண்றாங்க."

"அப்படியா? பெண்கள் பெயர் என்ன?"

"பொண்ணே இல்ல சார்."

"பெண் இல்லாமல் எப்படி?"

"சார், அவன் இவனை. இவன் அவனை."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கேட்டேன், வேறு யாருக்காவது தெரியுமா? "வாட்ச்மேன் வரைக்கும் தெரியும் சார். உங்களுக்கு ஒருத்தருக்குத்தான் தெரியாது. நீங்க மேடையில பேசினதை ரெண்டு லட்சம் பேரு பாத்துருக்காங்க" என்றார். போனில் காட்டினார். நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறேன், கீழே வானவில் ஓடுகிறது, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அதுதான் கொடியாம்.

விசாரணை வைத்தேன். வைக்காமல் இருக்க முடியுமா? எங்களிடம் ஒரு விசாரணைப் படிவம் உண்டு, நானே தயாரித்தது. முதல் கட்டம், மாணவன் பெயர். இரண்டாவது கட்டம், மாணவி பெயர். மூன்றாவது கட்டம், கண்டபோது இருந்த இடைவெளி, அடியில். முதல் கட்டத்தில் நிரஞ்சன் என்று எழுதிவிட்டேன். இரண்டாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ராஜாத்தி மேடம், "மாணவியை அடிச்சிட்டு எழுதிக்கலாம் சார்" என்றார். அச்சடித்த படிவத்தை அடிக்கலாமா? கால் மணி நேரம் அதிலேயே போய்விட்டது. பையன்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

கடைசியில் நானே கேட்டேன். "ராஜாத்தி மேடம் சொல்வது உண்மையா?"

"ஆமா சார்" என்றான் நிரஞ்சன்.

"ஆமா என்றால்?"

"நீங்க கேட்டதுக்கு ஆமா சார்."

அவ்வளவுதான். அழவில்லை. காலில் விழவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் அழாமல் போன பிள்ளை கிடையாது தம்பி. அதற்காகவே ஒரு டம்ளர் தண்ணீர் மூடி வைத்திருப்பேன். அன்றைக்கு அதை நானே குடித்தேன்.

பாண்டீஸ்வரன் மட்டும் ஒரே ஒரு வார்த்தை பேசினான். "சார், எங்க வீட்டுக்கு மட்டும் போன் பண்ணிறாதீங்க."

வெளியே வந்தால் வகுப்பே நிற்கிறது. கிழக்குப் படிக்கட்டில் பெண்கள், மேற்குப் படிக்கட்டில் ஆண்கள், எல்லாம் கலந்து. மெர்லின் என்று ஒரு பெண், வகுப்புத் தலைவி, முன்னால் வந்தாள்.

"என்ன குத்தம்னு விசாரிக்கிறீங்க சார்?"

"அதை நான் வாயால் சொல்ல முடியாது அம்மா."

"தன்பாலீர்ப்புன்னு நல்ல தமிழ்லயே சொல்லலாம் சார். கூச்சமா இருந்தா வீட்ல போய் மெதுவாச் சொல்லிப் பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் முப்பது வருஷம் பிள்ளைகளைப் படித்தவன், அது என்னைக் கேலி செய்த சிரிப்பா, பாவம் என்று சிரித்த சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

இதற்கெல்லாம் இப்போது ஒரு பெயர் வைத்துவிட்டார்கள், பாருங்கள். எங்கள் காலத்தில் பெயர் கிடையாது. பெயர் இல்லாததால் பிரச்சினையும் இல்லை. எண்பத்தாறில் நான் பாளையங்கோட்டையில் படித்தேன். ஹாஸ்டலில் நானும் மாசிலாமணியும் ஒரே அறை. இப்போது அவன் வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் போகிறேன். கோவில்பட்டிப் பையன், அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ், தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவனிடம் போர்வை கிடையாது. இருந்தது, பெட்டியை விட்டு வெளியே எடுக்க மாட்டான். மார்கழியில் என் போர்வைக்குள்தான் வந்து படுப்பான். சித்திரையிலும் வருவான். பாளையங்கோட்டைச் சித்திரை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே! யாராவது படிவம் நிரப்பினார்களா? வார்டன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "படிச்சுட்டுத் தூங்குங்கடே" என்று போய்விடுவார். நட்பு. அவ்வளவுதான். லீவு விட்டால் வாரத்துக்கு இரண்டு கடிதம் வரும். ஊரில் எல்லாரும் நண்பனுக்கு எழுதுவதுதான். நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள், உங்கள் காலத்தில் போன் வந்துவிட்டது.

திருமங்கலம் தாண்டிவிட்டோமா? சரி.

விதி என்று ஒன்று இருக்கிறதே. இரண்டு வீட்டுக்கும் போன் செய்தேன். எத்தனையோ பெண் பிள்ளைகள் வீட்டுக்குச் செய்திருக்கிறேன், அதில் மூன்று பெண்களுக்கு அந்த மாதமே கல்யாணம் ஆகிவிட்டது. அவர்களுக்கு ஒரு நியாயம், இவனுக்கு ஒரு நியாயமா?

நிரஞ்சனுடைய அம்மா மறுநாள் வந்தார். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து அந்த உடுப்போடேயே வந்திருந்தார். பெயர் ஜெயக்கொடி. நான் மெதுவாக, பக்குவமாக ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும் சார். பன்னெண்டாவது படிக்கிறப்பவே சொல்லிட்டான். ரெண்டு வருஷம் அழுது முடிச்சிட்டேன். இப்ப நீங்க புதுசா ஆரம்பிக்காதீங்க. வேற ஏதாவது இருக்கா? படிப்பு எப்படி?"

படிப்பு நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொன்னேன். "அப்ப நான் வரேன் சார், தூக்கம் சொக்குது" என்று எழுந்து போய்விட்டார். பெற்றவளுக்கே கவலை இல்லை என்றால் நான் என்ன செய்ய?

பாண்டீஸ்வரனுடைய அப்பா போனில் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். "சரிங்க" என்றார். இரண்டு முறை சொன்னேன், இரண்டு முறையும் "சரிங்க". அடுத்த நாள் காலையில் ஒரு வேன் வந்தது. அப்பாவும் இரண்டு மாமன்களும். கையைப் பிடித்துத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். அடிக்கவில்லை. கல்லூரி வளாகத்துக்குள் அடிக்கவில்லை, அதற்கு நான் சாட்சி. பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது.

வேனில் ஏறும்போது அவன் என்னைப் பார்த்துச் சொன்னான். "நீங்க பண்ண மாட்டீங்கன்னு நெனச்சேன் சார்."

ஏன் அப்படி நினைத்தான்? அறுநூறு வீட்டுக்குப் போன் செய்தவன் நான். வாயே திறக்காத பையன், என்னிடம் எதைப் பார்த்து அப்படி ஒரு நம்பிக்கை வைத்தான்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். விடுங்கள்.

திங்கட்கிழமை என் மேசையில் அறுபது படிவம். அந்த இரண்டு பேர் போக வகுப்பில் மொத்தமே அறுபது பேர்தான். என் படிவத்தைப் பிரதி எடுத்து, மாணவன் மாணவி இரண்டையும் அடித்துவிட்டு, ஒவ்வொருவரும் நிரப்பியிருந்தார்கள். ஒரு பெண்ணுடைய பெயருக்கு நேராக அவள் தோழியின் பெயர். ஒரு பையனுடைய பெயருக்கு நேராகக் கேன்டீன் பரோட்டா மாஸ்டர் பெயர். எப்போதும் ஜன்னல் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருக்கும் ஒருவன் இரண்டு கட்டத்திலும் தன் பெயரையே எழுதியிருந்தான். இடைவெளி என்ற கட்டத்தில் அறுபது பேரும் முட்டை.

"எங்க கேஸையும் எடுத்துக்கோங்க சார்" என்றாள் மெர்லின். "எங்க வீட்டுக்கெல்லாம் போன் பண்ணுங்க. பண்ணலன்னா பாரபட்சம்."

பாதிப் பேருக்கு இது விளையாட்டு, எனக்குத் தெரியாதா? பாட்டுப் போட்டு வீடியோ எடுத்தார்கள். மார்பில் வானவில் குத்திக்கொண்டு வந்து, அதே கையோடு பாண்டீஸ்வரனுடைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்துக் காப்பியடித்தார்கள். பெரிய புரட்சிக்காரர்கள்! ஆனால் தம்பி, விளையாட்டாகக்கூட எங்கள் காலத்தில் யாரும்... சரி, அது எதற்கு இப்போது.

போன் செய்தேன். பாரபட்சம் என்று யாரும் சொல்லக் கூடாது. நாலு வீட்டுக்குச் செய்தேன். நாலாவது வீட்டு அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், அவன் ஒருத்தன விரும்புறானா ஒருத்திய விரும்புறானாங்கறது கெடக்கட்டும். அரியர் எத்தன வச்சுருக்கான், அதச் சொல்லுங்க" என்றார். ஏழு வைத்திருந்தான். அவர் போட்ட சத்தத்தில் நான் போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது வீட்டுக்குச் செய்யவில்லை.

தாளாளர் கூப்பிட்டார். அவராவது நம் பக்கம் நிற்பார் என்று போனேன். "குத்தாலிங்கம், அட்மிஷன் நேரம். ஆணோ பெண்ணோ அவனவன் பாத்துக்குவான். நமக்கு சீட்டு நெறையணும். ஃபைலை மூடுய்யா" என்றார். இதுதான் தம்பி இந்த நாட்டில் ஒழுக்கத்தின் நிலைமை.

மூடினேன். ஆனால் மூடினால் பையன் திரும்பி வந்துவிடுவானா? நான் அவன் அப்பாவுக்கு மறுபடி போன் செய்தேன், ஃபைல் மூடியாகிவிட்டது, அனுப்பிவையுங்கள் என்று. "சரிங்க" என்றார். அனுப்பவில்லை.

ஆய்வகத்தில் ஏழாம் மேசையில் நிரஞ்சன் மட்டும் நிற்பான். வாயாடிப் பையன், பேச்சே போய்விட்டது. ஒவ்வொரு நாளும் இரண்டு பியூரெட்டையும் கழுவுவான். தெரியுமல்லவா, கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிற நீளக் கண்ணாடிக் குழாய். தன்னுடையதைக் கழுவித் தாங்கியில் மாட்டுவான், அவனுடையதையும் கழுவி மாட்டுவான்.

"வராதவனுக்கு எதற்குடா கழுவுகிறாய்? காய்ச்சி வடித்த தண்ணீர் என்ன சும்மாவா வருகிறது?"

"பழக்கம் சார்."

பழக்கத்துக்கு நான் என்ன விதி போட முடியும்? விட்டுவிட்டேன்.

மாசிலாமணிக்குத் தொண்ணூற்றிரண்டில் கல்யாணம். அதற்கு முன்னால் ஒரு நாள் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருக்கிறோம். அவன் கேட்டான். "எங்கய்யா பொண்ணு பாத்துருக்காருல. நீ என்ன சொல்லுத?" நான் சொன்னேன், "நல்ல விஷயம்தானல, பண்ணிக்கோ." வேறு என்ன சொல்ல முடியும்? ஒரு நண்பன் வேறு என்ன சொல்வான்? அவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு, "சரி, நீ சொன்னா சரி" என்றான். நாலு பஸ் வந்து போனது, அவன் ஏறவில்லை. ஐந்தாவதில் ஏறினான்.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. காய்ச்சல். ஒன்பது நாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். அந்தக் காலத்து லேப் அப்படி. டைபாய்டாகத்தான் இருந்திருக்கும். அதற்கப்புறம் அவன் வீட்டுக் கிரகப்பிரவேசம், பிள்ளைக்குக் காது குத்து, எல்லாவற்றுக்கும் பத்திரிகை வரும். போக முடியாமலே போய்விட்டது. முப்பத்து மூன்று வருஷம். பரீட்சை வேலை, பேப்பர் திருத்துகிற வேலை, ஒழுங்குக் குழு. எனக்கு எங்கே நேரம்?

விஷயத்துக்கு வருகிறேன். செய்முறைத் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பாண்டீஸ்வரன் வந்துவிட்டான். கூட்டிக்கொண்டு வந்தது அந்த நர்ஸ் அம்மா. மெர்லினும் போயிருக்கிறாள், அவள் சொன்னதுதான். ஜெயக்கொடி அம்மா நேராகப் போய் அவர்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டாராம். "புள்ள பரீச்சை எழுதட்டும். அதுக்கப்புறம் உங்க பாடு, அவன் பாடு. நான் உங்ககிட்ட சம்பந்தம் பேச வரல. ஹால் டிக்கெட்டுக்கு வந்துருக்கேன்." மாமன்கள் கத்தியிருக்கிறார்கள். அந்தம்மா, "கத்துங்க, எனக்கு இன்னைக்கு லீவுதான்" என்று அசையவில்லை. மத்தியானம் வரைக்கும் வெயிலில். கடைசியில் பாண்டீஸ்வரனுடைய அம்மா உள்ளேயிருந்து அவன் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். பையன் நிரஞ்சன் வீட்டில் தங்கித்தான் பரீட்சை எழுதினான்.

ஆய்வகத்துக்கு வந்தபோது இடது கையில் மாவுக்கட்டு. "என்னடா?" என்றேன். "கீழ விழுந்துட்டேன் சார்." நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? நம்பாவிட்டால் அடுத்த கேள்வி நான் என்னையே அல்லவா கேட்க வேண்டும்?

பியூரெட் குழாயை இடது கையால்தான் திருகுவது. வலது கையால் குடுவையை ஆட்ட வேண்டும். அவனால் முடியவில்லை. நிரஞ்சன் தன் சோதனையை முடித்துவிட்டு வந்து குழாயைப் பிடித்தான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "இதெல்லாம் அனுமதி இல்லையே சார்" என்றார். நான் சொன்னேன், "எங்கள் ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. முதல் நாள் போட்ட ஜோடியைக் கடைசி வரைக்கும் பிரிக்கக் கூடாது. இருபத்திரண்டு வருஷ விதி." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விதிதானே சொன்னேன்? இல்லாததையா சொன்னேன்?

ஒருவன் திருக, ஒருவன் ஆட்ட, ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. நிறமில்லாத தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுகிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அமில வாடை, கண் எரிந்தது.

அன்று சாயங்காலம் ஃபைலைக் கட்டி வைக்க உட்கார்ந்தேன். அறுபது படிவம், அந்தப் பழைய ஒன்று, எழுதாத சில. மேலே குறிப்பு எழுத வேண்டும், பேனா எழுதுகிறதா என்று பார்க்க எழுதாத ஒரு படிவத்தை எடுத்தேன். முதல் கட்டத்தில் குற்றாலிங்கம் என்று எழுதிப் பார்த்தேன். பேனா எழுதியது. இரண்டாவது கட்டத்திலும் எழுதுகிறதா என்று பார்த்தேன். மாசிலாமணி என்று எழுதினேன். அதுவும் எழுதியது. பேனா நல்ல பேனாதான். மூன்றாவது கட்டத்தை விட்டுவிட்டேன். பாளையங்கோட்டைக்கும் கோவில்பட்டிக்கும் எத்தனை அடி, திண்டுக்கல்லுக்கும் கோவில்பட்டிக்கும் எத்தனை அடி, அதையெல்லாம் யார் கணக்குப் போடுவது?

அந்த வாரம்தான் இந்தப் பத்திரிகை வந்தது.

வருகிறேன் என்று போன் செய்தேன். "ஏலே குத்தாலம், இந்தத் தடவ காய்ச்சல் வரலியா?" என்றான். முப்பத்து மூன்று வருஷம் கழித்து முதல் வார்த்தை! மரியாதை தெரியாதவன். கோமதியைக் கூப்பிட்டேன், "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள். போர்வையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது கல்யாணப் பொண்ணுக்கா, பொண்ணோட அப்பாவுக்கா?" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். கோபம் இல்லை. தலைக்கு டை அடிக்கும்போது பின்பக்கம் எனக்கு எட்டவில்லை, அவள்தான் அடித்துவிட்டாள். காதோரம் வழிந்திருக்கிறதா, பாருங்கள். இல்லையா? நல்லது.

சாத்தூர் தாண்டி இவ்வளவு சீக்கிரமா வந்துவிட்டோம்? கண்டக்டர் என்ன சொல்கிறார்? பஸ் ஊருக்குள் போகாதா? தெரியும், பைபாஸில்தான் இறக்குவார்கள். அவன் அங்கேயே வந்து நிற்கிறேன் என்றான். வேண்டாம், வீட்டில் நூறு வேலை இருக்கும் என்றேன். கேட்கிற ஆளா?

தம்பி, அந்தப் பையன் வேனில் ஏறும்போது சொன்னானே, நீங்கள் பண்ண மாட்டீர்கள் என்று நினைத்தேன் என்று. நான் விதிப்படிதானே செய்தேன்? சொல்லுங்கள். நீங்கள் ஏன் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? இத்தனை நேரம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே வருகிறீர்கள். சரி, வேண்டாம். நீங்களும் அந்த வயசுதானே.

அதோ. அந்தப் புளியமரத்துக்குக் கீழே, ஸ்கூட்டர் பக்கத்தில். வேட்டி கட்டிக்கொண்டு. தொப்பை வைத்துவிட்டான் பாருங்கள். முடி முழுக்கக் கொட்டிவிட்டது, நான் எதற்கு டை அடித்தேன்? மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறான். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கிறான். என்னைப் பார்த்துவிட்டான். பாருங்கள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வருகிறான், இந்த வயசில், ஊரே பார்க்கிற இடத்தில். அன்றிலிருந்தே இவனுக்கு ஒழுங்கு கிடையாது. அந்தப் படிவம் என் சட்டைப் பையில் இருக்கிறது, அவன் பிடிக்கிற பிடியில் கசங்கிவிடும்.

பெட்டியைக் கொடுங்கள் தம்பி. இதை முன்னால் பிடித்துக்கொண்டு இறங்கினால்...

இல்லை, வேண்டாம். நீங்களே வைத்திருங்கள். நான் இறங்கின பிறகு ஜன்னல் வழியாகக் கொடுத்தால் போதும். கண்டக்டர் அவசரப்படுத்தினால் ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லுங்கள். உடனே கொடுக்காதீர்கள். கொஞ்சம் கழித்துக் கொடுங்கள்.